கையைப் பார்த்து மதிப்பெண் போடுங்கள்: தன்னாட்சிப் பொறியியல் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும், துறைத்தலைவர்களுக்கும், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

தமிழ்நாட்டில் தன்னாட்சி பெற்ற பொறியியல் கல்லூரிகளுக்கு மட்டும் இதை எழுதுகிறோம். இணைப்புக் கல்லூரிகளின் கையில் தேர்வு முறை இல்லை. பல்கலைக்கழகம் அனுப்பும் அட்டவணைப்படி நடத்தி முடிப்பதுதான் அவர்களால் ஆவது. உங்கள் நிலை வேறு. வினாத்தாள் உங்களுடையது, மதிப்பெண் பகுப்பு உங்களுடையது, மதிப்பெண் பட்டியலை அச்சடித்துக் கொடுப்பதும் நீங்கள்தான்.

கேட்பது ஒன்றே ஒன்று. ஒரு மாணவருக்கு ஒரு வேலை தெரியும் என்று எழுதிக் கொடுக்கும் முன், அதே வேலையை, அவர் எதிர்பார்த்திராத ஒரு நிலையில் செய்வதை, யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். பார்த்தவர் பெயரும் தேதியும் ஏட்டில் இருக்க வேண்டும். (ஏட்டுச் சுரைக்காய்ப் பழமொழியை இங்கே எழுதப்போவதில்லை. பட்டமளிப்பு விழாக்களில் போதுமான அளவு கேட்டாயிற்று.)

இப்போதைய செய்முறைத் தேர்வு எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். ஒரு பிரிவுக்கு 30 பேர், மூன்று மணி நேரம், உள் தேர்வாளர் ஒருவர், வெளித் தேர்வாளர் ஒருவர். மேசை மேல் மடித்த சீட்டுகள். பருவம் முழுக்கச் செய்த பத்துப் பன்னிரண்டு சோதனைகளில் ஒன்று சீட்டில் வரும். முதல் முக்கால் மணி நேரம் நோக்கம், கருவிப் பட்டியல், சர்க்யூட் படம், செய்முறை என்று தாளில் ஓடும். பிறகு இணைப்பு, ரீடிங், கணக்கு, ரிசல்ட். கடைசியில் இரண்டு நிமிட வைவா. மதிப்பெண் பகுப்பு கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும். ஆனால் பாதிக்கு மேல் தாளில் இருப்பதற்குத்தான் போகிறது. கனெக்‌ஷன் வராமல் ஒருவர் தடுமாறினால் லேப் டெக்னீஷியன் வந்து ஒரு வயரை மாற்றிப் போட்டுவிட்டுப் போவார். அது இரக்கம்தான், ஆனால் அந்த ஒரு வயரில்தான் தேர்வே இருந்தது. அதற்கு மதிப்பெண் பட்டியலில் தனி வரி கிடையாது.

ஒரு சோதனையை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மின் இயந்திர ஆய்வகத்தில் எல்லாரும் செய்யும் டிரான்ஸ்ஃபார்மர் ஓ.சி. டெஸ்ட், அதாவது ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துச் செய்யும் ஓப்பன் சர்க்யூட் சோதனை. 1 கே.வி.ஏ., 230/115 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர். 115 வோல்ட் பக்கம் சப்ளை, மறுபக்கம் திறந்திருக்கும். குறைந்த பவர் ஃபேக்டருக்கான எல்.பி.எஃப். வாட்மீட்டர்தான் போட வேண்டும். 150 வோல்ட், 5 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.2, ஸ்கேலில் 75 கோடு இருக்கும் மீட்டர் என்றால், 150 × 5 × 0.2 ÷ 75, ஒரு கோட்டுக்கு 2 வாட். முள் 15-இல் நின்றால் இரும்பு இழப்பு (இரும்பு உள்ளகத்தில் வீணாவது) 30 வாட்.

இந்த இடத்தில் நடக்கும் தவறு மிகச் சாதாரணமானது: 0.2-ஐப் பெருக்க மறந்துவிடுவது. அப்போது ஒரு கோட்டுக்கு 10 வாட், இழப்பு 150 வாட். எஸ்.சி. டெஸ்ட்டில், அதாவது ஒரு பக்கத்தை ஷார்ட் செய்து நடத்தும் ஷார்ட் சர்க்யூட் சோதனையில், செம்பு இழப்பு (கம்பிச்சுருளில் வீணாவது) 40 வாட் கிடைத்திருந்தால், யூனிட்டி பவர் ஃபேக்டரில் முழுச் சுமைத் திறன் 93.5 சதவீதம் வர வேண்டியது 84 சதவீதமாக வந்து நிற்கும். 84 என்று வந்ததும் பேனாவை வைத்துவிட்டு மீட்டரை இன்னொரு தடவை போய்ப் பார்க்கிறாரா இல்லையா என்பதே நாம் கண்டுபிடிக்க வேண்டிய திறன். இன்றைய தேர்வில் அது தெரியவே தெரியாது. ஏனென்றால் 93-ஐ ஒட்டி ஒரு விடை வர வேண்டும் என்று சீனியர் ஒருவரின் ரெக்கார்டு நோட்டு ஏற்கெனவே சொல்லிவிட்டது. விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங்கை நிரப்பிவிடலாம். வரைபடத்தில் எல்லாப் புள்ளியும் பிசகில்லாமல் கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். உண்மையான மீட்டர் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது.

இதே டெஸ்ட்டை 9 நிமிடச் சோதனையாக மாற்றலாம். சர்க்யூட்டை முன்கூட்டியே இணைத்து வையுங்கள், ஒரே ஒரு குறையோடு. மூவிங் அயர்ன் அம்மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில், டி.சி.-க்கு மட்டும் பொருந்தும் மூவிங் காயில் மீட்டரைப் போடுங்கள். ஏ.சி.-யில் அதன் முள் பூஜ்யத்திலேயே லேசாக நடுங்கிக்கொண்டு நிற்கும். மாணவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். தெரிந்தவர் முதலில் சப்ளையை அணைப்பார், பிறகு ஃபியூஸைப் பார்ப்பார், பிறகு மீட்டர் டயலில் இருக்கும் குறியீட்டைப் பார்ப்பார். தெரியாதவர் வேரியாக்கை (வோல்ட்டேஜை ஏற்றி இறக்கும் கருவி) மேலும் மேலும் திருப்புவார். இரண்டாவது வகையை ஒரு நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

குறை வைக்க ஒரு பெட்டி போதும். ஓர் அடிச் சதுரப் பிளைவுட் பலகை, 230 வோல்ட் 6 ஆம்பியர் தாங்கும் ஆறு டாகிள் சுவிட்ச், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீதம் 12 டெர்மினல், சுவிட்ச் பக்கத்தை மூடிப் பூட்ட ஒரு மூடி. சர்க்யூட்டின் ஆறு வயர்கள் இந்தப் பெட்டி வழியாகப் போகும். எந்தச் சுவிட்சைத் திறந்தாலும் அந்த வயர் அறுந்த மாதிரி. உங்கள் ஆய்வகத்திலேயே ஒரு பிற்பகலில் செய்துவிடலாம். எச்சரிக்கை ஒன்று: எர்த் வயரையும், அம்மீட்டர் பக்கத்துப் பாதுகாப்பு ஃபியூஸையும் இந்தப் பெட்டிக்குள் கொண்டுவராதீர்கள். வைக்கும் குறை சர்க்யூட்டை மட்டும் நிறுத்த வேண்டும், ஆளுக்கு ஆபத்தாகக் கூடாது.

பார்ப்பவர் கையில் ஒரு பக்கச் சரிபார்ப்புத் தாள். 'நன்று', 'மிக நன்று' என்று ஐந்து படிகள் வேண்டாம். செய்தாரா, இல்லையா, அவ்வளவுதான். சப்ளையின் இரு வயரையும் ஒன்றாக இணைக்கும் டி.பி.எஸ்.டி. சுவிட்சைப் போடும் முன் வேரியாக் பூஜ்யத்தில் இருந்ததா? வயரைத் தொடும் முன் சப்ளை அணைந்திருந்ததா? மீட்டர் ரேஞ்சை ரேட்டிங் பார்த்துத் தேர்ந்தாரா, கைக்குக் கிடைத்ததை எடுத்தாரா? வாட்மீட்டர் முள் பின்னால் போனபோது காயில் முனைகளை மாற்றினாரா? பெருக்கு எண்ணைத் தானே கணக்கிட்டாரா? வந்த விடை நம்பக்கூடியதா என்று ஒரு வாக்கியமாவது சொன்னாரா? இவற்றில் முதல் இரண்டும் விதிவிலக்கில்லாதவை. அவற்றில் ஒன்று தவறினாலும் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் அன்றைக்குத் தேர்ச்சி இல்லை. எஸ்.சி. டெஸ்ட்டில் பத்து இருபது வோல்ட்டிலேயே முழுக் கரண்டான 4.35 ஆம்பியர் வந்துவிடும். வேரியாக் பாதியில் இருக்கும்போது சுவிட்சைப் போடுகிறவரிடம் தொழிற்சாலையின் பேனலை யாரும் ஒப்படைக்க மாட்டார்கள்.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. திருச்சிப் பக்கம் கொதிகலன் வேலை செய்யும் ஒரு வெல்டரிடம் அவருடைய தகுதிச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். எந்த முறை வெல்டிங், எந்த வகை உலோகம், எந்த நிலை, எவ்வளவு கனம் வரை என்று அதில் எழுதியிருக்கும். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் கொதிகலன் விதித்தொகுப்பு, ஒன்பதாம் பிரிவின்படி, பொதுவாக 10 மி.மீ. கனத் துண்டில் தேறியவர் 20 மி.மீ. வரைதான் பற்றவைக்கலாம். 45 பாகையில் சாய்த்து அசையாமல் கட்டிய குழாயில், 6ஜி நிலையில், தேறியவருக்கு எல்லா நிலையும் திறந்துவிடும். அந்த முறையில் ஆறு மாதம் கை வைக்காமல் இருந்தால் தகுதி போய்விடும், மறுபடி செய்து காட்ட வேண்டும். சான்றைப் படிக்கும் மேற்பார்வையாளருக்கு இவரை எந்த வேலையில் விடலாம், எதில் விடக்கூடாது என்பதில் சந்தேகமே வராது. நான்கு ஆண்டு படித்த பொறியாளரின் மதிப்பெண் பட்டியலில் 'மின் இயந்திர ஆய்வகம் – ஓ கிரேடு' என்று இருக்கிறது. அதை வைத்து அவரை எதில் விடுவது?

மருத்துவக் கல்வியில் இந்த மாற்றம் நடந்தேவிட்டது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975-இல் எழுதிய ஆஸ்கி (OSCE) என்ற மருத்துவச் செய்முறைத் தேர்வு முறை, ஒவ்வொரு மேசையிலும் சில நிமிடம், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை, ஒரு பார்வையாளர் என்பதுதான். நம் நாட்டு எம்.பி.பி.எஸ். படிப்பில் 2019-இல் வந்த திறன்வழிப் பாடத்திட்டம், சில செயல்களுக்கு எத்தனை தடவை தானாகச் செய்து காட்டினால் சான்று தரலாம் என்று எண்ணிக்கையே கொடுத்திருக்கிறது. அதற்குத்தான் லாக் புக். கப்பல் பயிற்சி மாணவரின் பயிற்சிப் பதிவேட்டிலும் அதே கதை: வேலைக்கு வேலை, கப்பல் அதிகாரியின் கையெழுத்து. உயிர் போகும் துறைகள் எல்லாம் மதிப்பெண்ணை நம்பாமல் கண்ணால் பார்க்கும் முறைக்கு வந்துவிட்டன. மின்சாரமும் அழுத்தக் கலமும் உயிர் எடுக்காதா என்ன?

இனி முக்கியமான கேள்வி: ஆள் எங்கே, நேரம் எங்கே?

பருவத் தேர்வில் மட்டும் இதைச் செய்யப் பார்த்தால் கட்டாயம் தோற்றுப்போவீர்கள். 60 பேர் வகுப்பு, நான்கு மேசை, மேசைக்கு 15 நிமிடம் என்று வையுங்கள். நான்கு பேர் சுற்றி முடிக்க ஒரு மணி நேரம். 60 பேருக்கு 15 மணி நேரம், நான்கு தேர்வாளர், ஆக 60 தேர்வாளர் மணி. இன்று இரண்டு பிரிவுக்கு ஆகும் 12 தேர்வாளர் மணியின் ஐந்து மடங்கு. எந்தத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும் இதற்குச் சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் கூடாது.

ஆகவே பெரும்பங்கைப் பருவத்துக்குள் நகர்த்துங்கள். ஆய்வகத்துக்கு நான்கு திறன்கள் போதும், பன்னிரண்டு வேண்டாம். வாராந்தர ஆய்வக நேரம் மூன்று மணி, 30 பேர், இரண்டு ஆசிரியர், ஒரு டெக்னீஷியன். ஓர் ஆசிரியர் அன்றைய சோதனையை நடத்தட்டும். மற்றவர் ஒரு மூலையில் திறன் மேசையில் இருக்கட்டும். ஆளுக்கு 10 நிமிடம், வாரத்துக்கு 10 பேர், 100 நிமிடம். 12 வாரத்தில் 120 கையெழுத்து. 30 பேருக்கு நான்கு திறன் என்றாலும் அதே 120தான். கணக்கு சரியாக இருக்கிறது, ஆனால் மறு வாய்ப்புக்கு இடம் இல்லை என்று கேட்பீர்கள். 180 நிமிடத்தில் 80 நிமிடம் மிச்சம் இருக்கிறது. முந்தைய வாரம் தவறியவர்கள் அந்த நேரத்தில் வரலாம். தவறினால் 'ஃபெயில்' என்று எழுதாதீர்கள், 'இன்னும் இல்லை' என்று எழுதுங்கள். வெல்டருக்கும் மறு சோதனை உண்டு.

பருவத் தேர்வு இந்தக் கையெழுத்துகளைச் சோதிக்கும் தேர்வாக மாறட்டும். நான்கு திறனில் ஒன்றைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். 9 நிமிடம் செய்ய, 3 நிமிடம் குறித்துக்கொள்ளவும் மேசையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும். ஆளுக்கு 12 நிமிடம், இரண்டு தேர்வாளர், 15 பேர் வீதம்: சரியாக மூன்று மணி நேரம். இன்றைய அட்டவணையில் ஒரு நிமிடம்கூட மாற்ற வேண்டாம். ஒரு பிரிவில், உள் ஆசிரியர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த திறனிலேயே ஆறு பேருக்கு மேல் வெளித் தேர்வாளர் முன்னால் தவறினால், அந்தத் திறனுக்கான எல்லாக் கையெழுத்தையும் மறுபடி சோதியுங்கள். இந்த ஒரு விதி இல்லாவிட்டால் திறன் ஏடு இன்னொரு ரெக்கார்டு நோட்டாகத்தான் முடியும்.

ஏன் இதை அழுத்திச் சொல்கிறோம் என்றால், அக மதிப்பீட்டின் எடை கூடிக்கொண்டே வந்திருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் அகம் 20, பருவத் தேர்வு 80. 2021 ஒழுங்குமுறையில் ஆய்வகப் பாடத்துக்கு அகம் 60, பருவத் தேர்வு 40. பக்கத்தில் இருந்து பார்க்கும் ஆசிரியருக்கு அதிக எடை கொடுத்தது சரியான முடிவு. ஆனால் பார்க்காமலே போடும் 57-களும் 58-களும் அந்த முடிவைக் கெடுத்துவிட்டன. வருகைப்பதிவும் ரெக்கார்டின் கையெழுத்து அழகும் அந்த 60-க்குள் புகுந்துகொண்டன. திறன் மேசைக்கு அதில் 40 கொடுங்கள், திறனுக்கு 10.

பார்ப்பவர்கள் இடையே வித்தியாசம் வரும். ஒருவர் தாராளம், ஒருவர் கறார். முதல் வாரமே இரண்டு ஆசிரியர்களும் டெக்னீஷியனும் ஒரே மூன்று மாணவரைப் பார்த்துத் தனித்தனியாகக் குறிக்கட்டும். பத்து வரித் தாளில் இரண்டு வரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் குற்றம் பெரும்பாலும் ஆளிடம் இருக்காது, வரியில் இருக்கும். 'சரியாக இணைத்தார்' என்பது மோசமான வரி. 'வாட்மீட்டரின் பிரஷர் காயில் சப்ளைக்கு இணையாகவும் கரண்ட் காயில் தொடராகவும் இருந்தன' என்பது நல்ல வரி. டெக்னீஷியனைச் சேர்க்கச் சொல்வது மரியாதைக்காக இல்லை. எந்த மாணவர் ஃபியூஸைப் போக்குவார் என்பது துறைத்தலைவரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். வெளித் தேர்வாளர் விஷயத்தில் ஒரு வார்த்தை: நீங்கள் எங்களுக்கு வாருங்கள், நாங்கள் உங்களுக்கு வருகிறோம் என்ற பரிமாற்றத்தை நிறுத்தி, மூன்றில் ஒருவரையாவது தொழிற்சாலையில் இருந்து அழையுங்கள். அவர்கள் வைவா கேட்க மாட்டார்கள், மீட்டரைக் கையில் கொடுப்பார்கள்.

கணினித் துறையில் நிலைமை இன்னும் மோசம். புரோகிராமிங் ஆய்வகத்தின் 12 புரோகிராமும் பருவம் தொடங்கும் அன்றே தெரிந்தவை. மனப்பாடமாக டைப் செய்து ஓடவிட்டால் முழு மதிப்பெண். இப்போது ஏ.ஐ. கருவிகளும் வந்துவிட்டன, இனி வீட்டில் எழுதிக் கொண்டுவரும் எதற்கும் மதிப்பெண் போடுவதில் பொருள் இல்லை. மாற்று எளிது. 80 வரியில் ஓடாத ஒரு புரோகிராமைக் கொடுங்கள். மூன்று குறை வையுங்கள்: கம்பைலரே பிடித்துச் சொல்லும் ஒன்று, சுழல் ஒரு தடவை கூடுதலாக ஓடும் ஒன்று, கோப்பு காலியாக இருந்தால் மட்டும் விழும் ஒன்று. முதலாவது, பிழைச் செய்தியைப் படிக்கத் தெரிகிறதா என்று காட்டும். இரண்டாவது, கோட் ஓடும் வழியை மனத்தில் நடத்திப் பார்க்கத் தெரிகிறதா என்று. மூன்றாவது, கேட்காததையும் சோதிக்கும் பழக்கம் உண்டா என்று. வேலையில் முதல் ஆறு மாதம் பெரும்பாலும் மற்றவர் எழுதிய கோடைத் திருத்துவதுதான், புதிதாக எழுதுவது இல்லை. ஏ.ஐ. கருவியோடு ஒரு சோதனை, இணையம் இல்லாமல் ஒரு சோதனை என்று இரண்டும் வைக்கலாம். கருவியோடு வைக்கும்போது அது கொடுத்த விடையில் என்ன தப்பு என்று கேட்பதுதான் கேள்வி.

இறுதியாண்டு புராஜெக்ட்டும் அப்படித்தான். புராஜெக்ட் சென்டரில் வாங்கியதா, தானே செய்ததா என்று துப்பறிய வேண்டாம், அதில் நேரம் போகும், மனக்கசப்பும் வரும். மாற்றச் சொல்லுங்கள். எல்லாக் கல்லூரியிலும் இருக்கும் தானியங்கிப் பாசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஆர்டுயினோ ஊனோ, மண் ஈர சென்சார், ரிலே, சின்ன மோட்டார். ஈர அளவு வரம்பை ஒட்டி ஏறி இறங்கும்போது ரிலே டக் டக்கென்று அடித்துக்கொள்ளும். அதை நிறுத்த, மோட்டார் ஆன் ஆவதற்கு ஓர் அளவும் ஆஃப் ஆவதற்கு வேறோர் அளவும் வைக்கச் சொல்லுங்கள். 20 நிமிடம் கொடுங்கள். பிறகு சென்சாரின் சிக்னல் ஜம்பர் வயரை உருவிவிட்டு என்ன ஆகும் என்று கேளுங்கள். 0 முதல் 1023 வரை காட்டும் அந்த அனலாக் முனை, வயர் இல்லாதபோது பூஜ்யம் காட்டாது, ஏதோ ஒரு எண்ணில் அலையும். அந்த அலையும் எண்ணை நம்பி மோட்டார் ஓடும். தானே இணைத்தவருக்கு இது பழகிப்போன தொல்லை. நான்கு பேர் குழு என்றால் நான்கு பேருக்கும் வேறுவேறு மாற்றம், தனித்தனியாக. குழுவில் யார் வேலை செய்தார் என்ற பழைய சிக்கலும் இதிலேயே தீர்ந்துவிடும்.

வைவாவைத் தமிழில் கேட்க அனுமதியுங்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த மாணவர் அம்மீட்டரை ஏன் இணையாகப் போடக்கூடாது என்று தமிழில் ஒழுங்காகச் சொல்வார், ஆங்கிலத்தில் கேட்டால் தலைகுனிந்து நிற்பார். அவருக்கு மின்னியல் தெரியவில்லை என்று எழுதுவது பொய்ச் சான்று. ஆங்கிலம் வேலைக்கு வேண்டும் என்றால், வேண்டும்தான், அதைத் தனித் திறனாக வைத்துத் தனியாகச் சோதியுங்கள். தான் கண்ட ஒரு கோளாறை ஐந்து வரி மின்னஞ்சலில் எழுதச் சொல்லலாம். இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் கலந்தால் எது இல்லை என்று யாருக்கும் தெரியாமல் போகும், மாணவருக்கும்தான்.

தொழிற்பயிற்சிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லெட்டர்ஹெட்டில் வரும் 'சிறப்பாகப் பயிற்சி முடித்தார்' என்ற ஒரு வரியை ஏற்காதீர்கள். நாளுக்கு ஒரு பக்கம்: எந்த வேலை, எந்தக் கருவி, என்ன கெட்டுப்போனது, யார் பார்த்தார். தேசியக் கிரெடிட் சட்டகப்படி ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரக் கற்றல். அந்த 30 மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் கை வேலை செய்தது என்பதை அந்தப் பக்கங்கள் சொல்லும். இணையவழிச் சான்றிதழ்களில், நேரில் வந்து எழுதும் தேர்வு இருப்பதையும் வீடியோ முடித்ததும் தானே அச்சாவதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடத்தில் வாராந்தரப் பயிற்சிக்கு 25, மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75. இரண்டிலும் தனித்தனிக் குறைந்தபட்சம் உண்டு. அந்தப் பிரிப்பு நல்ல முன்மாதிரி. ஆனாலும் அது அறிவைச் சோதிப்பது, கையை இல்லை.

அடுத்து உங்கள் சி.ஓ. – பி.ஓ. அட்டவணைகள், அதாவது பாடத்தின் விளைவுகளைப் பட்டப்படிப்பின் விளைவுகளோடு பொருத்திக் காட்டும் அட்டவணைகள். 2014-இல் நம் தேசிய அங்கீகார வாரியம் வாஷிங்டன் உடன்படிக்கையில் (பொறியியல் பட்டங்களின் அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் ஏற்பாடு) முழு உறுப்பானது. அப்போதிருந்து விளைவுவழிக் கல்வி என்ற பெயரில் ஒவ்வொரு பாடத்துக்கும் 1, 2, 3 என்று கட்டங்களை நிரப்புகிறோம். பட்டப்படிப்பின் விளைவுகள் 12 ஆக இருந்து இப்போது 11. வகுப்பில் இத்தனை சதவீதம் பேர் இலக்கு மதிப்பெண்ணைத் தாண்டினால் 3 என்று கணக்கிடும் எக்ஸெல் தாள், உள்ளே போகும் மதிப்பெண் எதைச் சோதித்தது என்று கேட்பதில்லை. 'நவீனக் கருவிகளைப் பயன்படுத்துதல்' என்ற விளைவுக்கு 2.4 அட்டெயின்மென்ட் (எட்டிய அளவு) என்று எழுதியிருக்கும், அதற்கான மதிப்பெண் வந்ததோ 'மென்பொருளின் நன்மைகளை விவரி' என்ற 13 மதிப்பெண் கேள்வியில் இருந்து. ஆய்வுக் குழு வரும்போது, அந்த எக்ஸெல் தாளுக்குப் பக்கத்தில் 120 கையெழுத்துள்ள திறன் ஏட்டை வைத்துப் பாருங்கள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) 2018-இல் வெளியிட்ட தேர்வுச் சீர்திருத்தக் கொள்கையும் விளைவுகளைத் திறன்களாகவும் அளக்கத்தக்க குறியீடுகளாகவும் உடைக்கத்தான் சொல்கிறது. விதி உங்கள் பக்கம் இருக்கிறது.

மதிப்பெண் பட்டியலோடு இணைக்கும் ஒரு பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஒரு திறனுக்கு ஒரு வரி. வரியின் மாதிரி: 'ஒற்றைக்கட்ட டிரான்ஸ்ஃபார்மரில் ஓ.சி., எஸ்.சி. சோதனைகளை உதவியின்றிச் செய்து, ஒரு மீட்டர் கோளாறைக் கண்டுபிடித்தார், இரண்டாம் முயற்சி, மார்ச் 2026.' இரண்டாம் முயற்சி என்று எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை, வேலைக்கு எடுப்பவர் அதைக் குறையாகப் பார்க்க மாட்டார். உதவியோடு செய்தாரா, தனியாகச் செய்தாரா என்பதைத்தான் பார்ப்பார். எட்டுப் பருவ ஆய்வகங்களில் இருந்து 40 வரிக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள். டிஜிலாக்கரில் மதிப்பெண் பட்டியல் ஏறும்போது இந்தப் பக்கத்தையும் ஏற்றிவிட்டால் போலி பற்றிய கவலையும் குறையும்.

ஆட்சேபம் வரும் இடம் தெரியும். தேர்ச்சி விகிதம் குறையும், அடுத்த ஆண்டுச் சேர்க்கையில் பெற்றோர் கேட்பார்கள் என்று நிர்வாகம் சொல்லும். முதல் பருவத்தில் குறையத்தான் செய்யும். அதனால்தான் முதல் பருவத்தில் திறன் மேசையின் முடிவை மதிப்பெண்ணில் சேர்க்காமல், ஏட்டில் மட்டும் வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். எந்தத் திறனில் பாதிப் பேர் தவறுகிறார்கள் என்று தெரிந்தால், அது மாணவரின் குறையா, நாம் கற்றுக்கொடுத்த விதமா, பழுதான மீட்டரா என்பதும் தெரிந்துவிடும். மூன்றாவதுதான் காரணமாக இருப்பது நாம் நினைப்பதைவிட அதிகம். அளவு சரிபார்த்து வருடக்கணக்கான மீட்டர்களை வைத்துக்கொண்டு மாணவரின் ரீடிங்கைக் குறை சொல்வது நியாயம் இல்லை.

தொடங்க வேண்டியது இவ்வளவே. வரும் இரட்டைப்படைப் பருவத்தில் துறைக்கு ஓர் ஆய்வகம், நான்கு திறன். திறனுக்கு ஒரு பக்கச் சரிபார்ப்புத் தாள், தமிழிலும் ஆங்கிலத்திலும், பருவத்தின் முதல் நாளே மாணவர் கையில். எதைப் பார்க்கப்போகிறோம் என்பதை மறைக்க வேண்டாம், எந்தக் குறை வைத்திருக்கிறோம் என்பதை மட்டும் மறைத்தால் போதும். பாடத்திட்டக் குழுவின் அடுத்த கூட்டத்தில் ஓர் அரை மணி நேரம் ஒதுக்கி, அந்த நான்கு திறன் எவை என்று மட்டும் முடிவு செய்யுங்கள். கூட்டத்துக்கு லேப் டெக்னீஷியனையும் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பொறியியல் ஆய்வகங்களில் பணிபுரியும் ஆசிரியர்களும் டெக்னீஷியன்களும்